பத்துக்குப் பத்தில் எத்தனை பேர்?

கேள்வி:

ஐயா, வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுடையது ஒரு சின்ன ஊர். மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் பத்து நாள் திருவிழா. எட்டாம் நாள் ராத்திரி தீமிதி, அது முடிந்ததும் அதே திடலில் கச்சேரி, மறுநாள் தேர். தீமிதிக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஐயாயிரம் பேராவது வருவார்கள். கோயிலுக்கு முன்னால் உள்ள திடல் 130 அடிக்கு 80 அடி. கிழக்கே 20 அடித் தெரு, தெற்கே 5 அடிச் சந்து, சந்து முடிகிற இடத்தில் ஓர் இரும்புக் கேட். கரூர் நெரிசலுக்குப் பிறகு அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்குப் போனால், ‘பாதுகாப்புத் திட்டம், அபாய மதிப்பீடு எழுதிக் கொண்டு வாருங்கள்’ என்கிறார்கள். நான் இந்த வருஷம்தான் விழாக்குழுச் செயலாளர் ஆனேன். பெரியவர்களோ, ‘நாப்பது வருஷமா நடக்குது, ஒண்ணும் ஆனதில்ல. ஏதாவது எழுதிக் குடுத்துட்டு வா’ என்கிறார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் தீமிதியன்று ஒரு பெண் மயங்கிவிட்டார். கீழே கிடத்த இடமில்லாமல் தலைக்கு மேலேயே கைமாற்றி வெளியே கொண்டுபோனோம். மற்றபடி ஒன்றும் நடந்ததில்லை. நான் என்ன எழுதுவது, எங்கிருந்து தொடங்குவது?

— விழாக்குழுச் செயலாளர், வயது 33

பதில்:

தம்பி, ‘மற்றபடி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முந்தின வரியிலேயே நான் நின்றுவிட்டேன். மயங்கின பெண்ணைக் கிடத்த ஒரு பாய் விரிக்கும் இடம்கூட இல்லை, தலைக்கு மேல் தூக்கித்தான் வெளியேற்ற முடிந்தது என்றால், அன்றைக்கு உங்கள் திடல் எல்லையைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு எங்கோ ஒரு ஓரத்தில் நாலு பேர் அலுத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள், நெருக்கம் தளர்ந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். முப்பத்தொரு வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்தவன் நான். பெரியவர்கள் சொல்லும் நாற்பதில் அந்த ஒரு வருஷத்தை ‘ஒன்றும் ஆகாத’ கணக்கில் என்னால் சேர்க்க முடியாது. உங்கள் அபாய மதிப்பீட்டின் முதல் வரி அந்தப் பெண்தான். அங்கிருந்தே தொடங்குங்கள்.

‘மிதிபட்டுச் சாவு’ என்று பத்திரிகையில் படித்துப் படித்து, யாரோ பயந்து ஓடினார்கள், விழுந்தவரை மிதித்தார்கள் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நின்ற நிலையிலேயே உயிர் போய்விடுகிறது. நாலு பக்கமும் உடம்புகள் அழுத்தும்போது மார்புக்கூடு விரிய இடமிருக்காது. மூச்சை விடலாம், இழுக்க முடியாது. சில நிமிடங்கள் போதும். ‘நெரிசல்’ என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதுதான் சரியான சொல். நெரிப்பதுதான் அங்கே நடக்கிறது. பின்னால் நிற்பவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. ‘தள்ளாதீங்க’ என்ற கூச்சல் பத்து வரிசை தாண்டாது. ஆகவே ஜனங்களுக்கு ஒழுங்கு தெரியவில்லை என்று திட்டுவதில் பயனில்லை. இடத்துக்கு மேல் ஆள் சேர்ந்துவிட்டால், சேர்ந்த அத்தனை பேரும் சாதுவாக இருந்தாலும் இதுவே நடக்கும்.

அப்படியென்றால் இடத்துக்கு எத்தனை பேர்? இதைத்தான் முதலில் அளக்க வேண்டும். கூட்டத்தை ஆராய்பவர்கள் சதுர மீட்டர்க் கணக்கில் பேசுவார்கள். நமக்குப் பழக்கம் பத்துக்குப் பத்து அறை. திடலில் சுண்ணாம்பால் பத்தடிக்குப் பத்தடி கட்டம் ஒன்று போடுங்கள். விழாக்குழு இளைஞர்களை உள்ளே நிற்கச் சொல்லுங்கள். இருபது பேர் வரை கை வீசி நடக்கலாம். முப்பத்தைந்து பேர் ஆனால் தோள் உரசும், ஆனாலும் வேண்டிய பக்கம் திரும்பி நடந்து வெளியே வரலாம். நாற்பத்தைந்தைத் தாண்டினால் நடை நம் கையில் இல்லை, பக்கத்தில் இருப்பவர் போகிற பக்கம் நாமும் போவோம். அறுபதை நெருங்கினால் கூட்டம் குளத்துத் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். ஒரு மூலையில் தள்ளினால் மறு மூலையில் விழுவார்கள். இந்தச் சோதனையை முப்பத்தைந்தோடு நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் விளையாட்டுக்குக்கூட வேண்டாம். அந்த முப்பத்தைந்து பேர் கட்டத்துக்குள் நிற்பதைப் பெரியவர்கள் கண்ணால் பார்க்கட்டும். நீங்கள் எழுதும் எந்தத் தாளையும் விட அது அவர்களிடம் நன்றாகப் பேசும்.

சரி, உங்கள் திடலுக்கு வருவோம். 130க்கு 80 என்றால் 10,400 சதுர அடி. இது வெறும் திடல். விழா நாளில் மேடையும் அதன் பின்புறமும் ஒரு 600 அடியை எடுத்துக்கொள்ளும். பூக்குழியையும் அதைச் சுற்றி விட வேண்டிய பத்தடி இடைவெளியையும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். கடைகள், ஜெனரேட்டர், மைக் செட் வகையில் 1,500. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் உள்ளே வர 12 அடி அகலத்துக்கு ஒரு பாதை, அது 1,560. எல்லாம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 5,700 சதுர அடி, அதாவது 57 கட்டம். கட்டத்துக்கு 35 என்றாலும் இரண்டாயிரம் பேர்தான் கொள்ளும். நீங்கள் எதிர்பார்ப்பது ஐயாயிரம். அந்தப் பெண் ஏன் மயங்கினார் என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கொள்ளும் என்பது பாதிக் கணக்குதான். கொண்டது வெளியேறவும் வேண்டுமே. இங்கிலாந்தில் விளையாட்டு அரங்குகளுக்கான பாதுகாப்புக் கையேடு சமதரையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர் என்றும், படிக்கட்டில் 66 பேர் என்றும் கணக்கு வைக்கிறது. ஆபத்து நேரத்தில் எல்லோரும் அதிகபட்சம் 8 நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும் என்பதும் அதில் உண்டு. அது வெளிச்சமும் சமதரையும் உள்ள இடத்துக்கான எண். நமக்கு இருட்டு, இடுப்பில் குழந்தை, வெறுங்கால், குழி விழுந்த தரை. நான் ஓர் அடி அகலத்துக்கு நிமிடத்துக்கு 15 பேர் என்றுதான் வைத்துக்கொள்வேன். உங்கள் கிழக்குத் தெரு 20 அடி என்கிறீர்கள். விழா நாளில் இரண்டு பக்கமும் வளையல் கடையும் பொரி கடையும் வந்த பிறகு நடுவில் 10 அடி மிஞ்சினால் அதிகம். அப்படியானால் நிமிடத்துக்கு 150 பேர். இரண்டாயிரம் பேர் வெளியேற 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். தெற்கே உள்ள 5 அடிச் சந்தும் திறந்திருந்தால் நிமிடத்துக்கு 225, ஏறக்குறைய 9 நிமிடம். தெருவில் ஒரு பக்கக் கடைகளை எடுத்துவிட்டால் 15 அடி கிடைக்கும். சந்தோடு சேர்த்து நிமிடத்துக்கு 300 பேர், 7 நிமிடத்துக்குள் திடல் காலி. ஒரு வரிசைக் கடையை நகர்த்துவதில்தான் இத்தனையும் இருக்கிறது. கடைக்காரர்களிடம் தரை வாடகை வாங்குகிறவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

தெருவில் பத்தடிதான் மிஞ்சும் என்று சொன்னேன் அல்லவா? தென்கொரியாவின் சியோல் நகரில், இதேவோன் பகுதியில், 2022 அக்டோபர் 29 அன்று 159 பேர் நெரிசலில் இறந்தார்களே, அந்தச் சந்தின் மிகக் குறுகிய இடமும் ஏறக்குறைய பத்தடிதான். அங்கே தீப்பிடிக்கவில்லை, வெடி வெடிக்கவில்லை. மேலிருந்து வருபவர்களும் கீழிருந்து வருபவர்களும் ஒரே சந்தில் எதிர்ப்பட்டார்கள். ‘நசுங்கிவிடுவோம் போலிருக்கிறது’ என்கிற மாதிரியான முதல் அழைப்பு போலீசுக்குப் போனது மாலை 6.34 மணிக்கு. சாவு தொடங்கியது இரவு பத்து மணிக்கு மேல். மூன்றரை மணி நேரம் கையில் இருந்தது.

இதை உங்கள் நிகழ்ச்சி நிரலோடு வைத்துப் பாருங்கள். தீமிதி முடிந்து கிளம்புபவர்கள் கிழக்குத் தெருவில் வெளியே வருகிறார்கள். அதே நேரம் கச்சேரிக்கென்று கிளம்பிய இளைஞர் கூட்டம் அதே தெருவில் உள்ளே போகிறது. உங்கள் ஊரில் எனக்குப் பெரிய பயம் இதுதான், பூக்குழி அல்ல. கச்சேரியை வேறு நாளைக்கு மாற்ற முடிந்தால் நல்லது. உபயதாரர் ஒப்பமாட்டார் என்றால் பள்ளிக்கூட மைதானம் மாதிரி வேறு இடத்தில் வையுங்கள். அதுவும் முடியாதென்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, ‘கச்சேரி இத்தனை மணிக்குத்தான்’ என்று நோட்டீசிலேயே அச்சடியுங்கள். தீமிதியைப் பார்க்க வருபவர்களில் பாதிப் பேரைப் பள்ளி மைதானத்தில் எல்.ஈ.டி. திரை வைத்து அங்கே உட்காரவைக்கலாம். பூக்குழியை நேரில் பார்க்காமல் திரையில் பார்ப்பதா என்று கேட்பார்கள். பின் வரிசையில் நிற்பவர் இப்போதும் முன்னால் இருப்பவரின் பின்னந்தலையைத்தான் பார்க்கிறார்.

கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்பதில் நிறையப் பேர் தவறு செய்வார்கள். திடல் நிறைந்துவிட்டது என்று திடல் வாசலில் கயிறு கட்டுவார்கள். வெளியே நிற்கும் கூட்டம் அந்த வாசலையே அடைத்துக்கொள்ளும், உள்ளே இருப்பவர் வெளியே வர வழியிருக்காது. நிறுத்துவதென்றால் தெருமுனையில் நிறுத்துங்கள், முடிந்தால் பஸ் ஸ்டாப்பிலேயே. மேடைப் பக்கம், பூக்குழிப் பக்கம், தெரு வாய் என்று மூன்று இடத்தில் சுண்ணாம்புக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனை மேசை மேல் ஏற்றி நிறுத்தினால் போதும். கட்டத்தில் முப்பத்தைந்து ஆனால் அவன் தெருமுனைக்குப் போன் செய்ய வேண்டும். கூட்டத்தில் செல்போன் சிக்னல் திணறும், அதனால் கொடியோ டார்ச் லைட்டோ வைத்து ஒரு சைகையும் பேசிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான கேள்வி. நாற்பத்தைந்து ஆகிவிட்டால் நிகழ்ச்சியை நிறுத்துவது யார்?

நான் போய்ப் பார்த்த இடங்களில் தீயணைப்புக் கருவி எத்தனை என்றால் டக்கென்று பதில் வரும். நிறுத்துவது யார் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தலைவர் சொல்ல வேண்டும் என்பார்கள். தலைவரோ அந்த நேரத்தில் வந்திருக்கும் பெரிய மனிதர்களுக்குப் பரிவட்டம் கட்டிக்கொண்டிருப்பார். உபயதாரர் மனம் கோணுமே, சாமி காரியத்தை நிறுத்தலாமா, கச்சேரிக்காரருக்கு முழுப் பணம் கொடுத்தாயிற்றே என்று யோசிப்பதிலேயே கால் மணி நேரம் ஓடிவிடும். ஆட்கள் சாவது அந்தக் கால் மணியில்தான். ஆகவே காப்புக் கட்டுவதற்கு முன்பே, கோயிலில் எல்லோரையும் உட்காரவைத்து மூன்று பேரை முடிவு செய்யுங்கள். மரியாதை வாங்குகிற பட்டியலில் இல்லாதவர்களாக, மேடையில் உட்காராதவர்களாக இருக்க வேண்டும். மூவரில் யார் ஒருவர் கையைத் தூக்கினாலும் பம்பை உடுக்கை நிற்க வேண்டும், பாட்டு நிற்க வேண்டும், அடுத்த ஆள் பூக்குழியில் இறங்கக் கூடாது. பூசாரி, மேளக்காரர், கச்சேரிக் குழுத் தலைவர், மைக் செட்காரர் நாலு பேரும் அந்த மூவரை முகம் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நிறுத்தியது தேவையில்லாமல் போய்விட்டால் பிறகு அவரை யாரும் குறை சொல்லக் கூடாது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். அந்த வாக்குறுதி இல்லாவிட்டால் யாருக்கும் கை மேலே எழாது.

கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று அரசியல் கட்சிக் கூட்டத்தில் 41 பேர் இறந்தது பற்றி வழக்கு, விசாரணை என்று போனதால் யார் மேல் தவறு என்று நான் எழுதப் போவதில்லை. ஊரறிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது மணிக்கணக்கில் காத்திருந்த கூட்டம். காத்திருக்கும் கூட்டம் நின்ற இடத்திலேயே பலவீனப்படும். தண்ணீர் குடிக்க நகர்ந்தால் இடம் போய்விடும் என்று தாகத்தோடு நிற்பார்கள், சிறுநீர் கழிக்கப் போக மாட்டார்கள். 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தது வெயிலில்தான். அதனால் தீமிதி எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு நடக்கட்டும். தாமதமானால் மைக்கில் உள்ளதைச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பந்தலைத் திடலுக்கு வெளியே ஒன்றாக வைக்காமல், கூட்டத்துக்குள் பாக்கெட்டோ குவளையோ கைமாறிப் போகிற மாதிரி நாலு மூலையிலும் வையுங்கள்.

மைக் பற்றி ஒரு வார்த்தை. கரண்ட் போனாலும் பேசக்கூடிய பேட்டரி மைக் ஒன்று தனியாக இருக்கட்டும். நிறுத்தும்போது ‘எல்லாரும் கலைஞ்சு போங்க’ என்று கத்தினால் ஒருவரும் அசைய மாட்டார்கள், இடம் போய்விடுமே என்ற கவலைதான் வரும். ‘தெரு ஓரமா நிக்கிறவங்க அப்படியே தெருப் பக்கம் பத்தடி நடங்க. முன்னால நெருக்கமா இருக்கு, ஒருத்தருக்கு மூச்சு முட்டுது. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி தொடங்குவோம், அம்மா எங்கேயும் போயிட மாட்டா’ என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான காரணம், நடக்க வேண்டிய பக்கம், மறுபடி தொடங்கும் என்ற உறுதி மூன்றும் அதில் இருக்கின்றன. முதலில் நகர வேண்டியவர்கள் பின்னால் நிற்பவர்கள், முன்னால் நசுங்குபவர்கள் அல்ல. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். விளக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள்.

நெருப்பு பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, தீமிதி ஊர்க்காரருக்கு நெருப்பு பழகிவிட்டது போலும். உங்களுக்குப் பக்கத்திலேயே, 1997 ஜூன் 7 அன்று, பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைக் கொட்டகை பற்றியெரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேல். கீற்று பற்றினால் பேசிக்கொண்டிருக்க நேரமிருக்காது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் பந்தல்களுக்கென்றே ஐ.எஸ். 8758 என்று ஒரு விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. மின்கம்பிக்குக் கீழே பந்தல் போடாதே, செயற்கை இழைத் துணியும் கயிறும் வேண்டாம் என்று எளிமையான விஷயங்கள்தான் அதில். பந்தல்காரரிடம் கூரைக்குக் கீற்றுக்குப் பதில் தகர ஷீட் போடச் சொல்லுங்கள். நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். ஒரு ஊர் விழாவில் பந்தலை முன்னால் நின்று பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். ராத்திரி டீ குடிக்கப் பின்பக்கம் போனால், அன்னதான அடுப்புக்கு எட்டடி தூரத்தில் ஜெனரேட்டர், அதன் பக்கத்தில் டீசல் கேன், கேனின் மேல் ஒருவர் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து எந்தப் பந்தலையும் பின்பக்கத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்குவேன். நீங்களும் அப்படியே பாருங்கள், அதுவும் பகலில் வேண்டாம், நிகழ்ச்சி நடக்கிற மணிக்கே போங்கள்.

பூக்குழியில் விழுகிறவர்களைத் தூக்கக் கரையில் இரண்டு பக்கமும் ஆள் இருப்பது வழக்கம்தான். அவர்கள் உடுத்துவது பருத்தி வேட்டியாக இருக்கட்டும், பாலியெஸ்டர் உடம்போடு உருகி ஒட்டும். தீக்காயத்துக்கு இருபது நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீர். பேனா மை, பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை விழாக்குழு தடுக்கத்தான் வேண்டும். வேண்டுதல் பெற்றவருடையது, குழந்தையுடையது அல்ல.

தேர். 2022 ஏப்ரல் 27 விடிகாலை, உங்கள் மாவட்டத்துக் களிமேட்டில் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. போன வருஷம் தட்டாத கம்பி இந்த வருஷம் தட்டலாம். தெருவுக்குப் புதிதாக ரோடு போட்டால் தரை ஏறும், வெயிலில் கம்பி தொய்யும், யாரோ ஆசைப்பட்டுத் தேர் உச்சியில் ஓர் அலங்கார வளைவைக் கூடுதலாக வைப்பார்கள். தேரை முழு அலங்காரத்தோடு அளந்து, அந்த உயரத்தை மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். கம்பி உயரத்தை நீங்கள் கழி வைத்து அளக்கப் போகாதீர்கள், அது அவர்கள் வேலை. தேர் நகரும் நேரம் முழுக்க அந்தப் பாதையில் மின்சாரம் நிறுத்தப்பட வேண்டும், கூடவே லைன்மேன் நடந்து வர வேண்டும். ‘நிறுத்தியாச்சு’ என்று யாரோ போனில் சொன்னதை நம்பி வடத்தைத் தொடாதீர்கள், லைன்மேன் நேரில் வந்து சொல்ல வேண்டும். சீரியல் லைட் கட்டும் இரும்புக் கம்பங்களுக்கெல்லாம் எர்த் இருக்கிறதா, கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கிற சுவிட்ச் இருக்கிறதா என்று உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கையெழுத்து வாங்குங்கள். மாலை போட கிரேன் கொண்டுவரும் பழக்கம் இருந்தால் இந்த வருஷத்தோடு விட்டுவிடுங்கள். 2023 ஜனவரியில் அரக்கோணம் பக்கம் கோயில் விழாவில் கிரேன் சாய்ந்து உயிர்கள் போனது நினைவிருக்கும்.

இலவசமாக ஏதாவது கொடுக்கிற எண்ணம் இருக்கிறதா? கடிதத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். 2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்க விடியுமுன் வந்து நின்றவர்கள் 42 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் இலவசச் சேலைக்கான டோக்கன், நாலு பெண்கள். சேலை கொடுப்பதென்றால் தெருத் தெருவாக வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்னதானத்தை ஒரே பந்தியாக வைக்காமல் மதியம் முழுக்க ஓடுகிற மாதிரி நீட்டுங்கள். தீர்ந்துபோய்விடும் என்ற வதந்திதான் ஆளைத் தள்ளவைக்கிறது.

ஸ்டேஷனில் கேட்கும் தாளுக்கு இப்போது வருகிறேன், அது சுலபம். எது நடக்கலாம், எத்தனை நிச்சயமாக நடக்கலாம் என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து, நடந்தால் எவ்வளவு கேடு என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து, இரண்டையும் பெருக்கினால் வருவது அபாய எண் என்று ஓர் அட்டவணை எல்லோரும் போடுவார்கள். போடுங்கள், ஆனால் அந்த எண்ணை நம்பி உட்காராதீர்கள். பிக்பாக்கெட் நிச்சயம் நடக்கும், கேடு சின்னது, ஐந்து பெருக்கல் ஒன்று ஐந்து. தேர் கம்பியில் படுவது அரிது, கேடு பெரியது, ஒன்று பெருக்கல் ஐந்து அதுவும் ஐந்து. இரண்டும் ஒன்றாகுமா? சாவு என்ற கேடு உள்ள வரி எதுவானாலும், பெருக்கி வந்த எண்ணைப் பார்க்காமல் முதலில் அதற்கு ஏற்பாடு எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் யார் செய்வார், எந்த மணிக்குள் என்று இருக்க வேண்டும். ‘போதிய ஏற்பாடுகள் செய்யப்படும்’ என்ற வாக்கியம் வந்தால் அடித்துவிடுங்கள், அதற்கு அர்த்தமே கிடையாது. மேலே போட்ட திடல் கணக்கை ஒரு வரைபடமாகக் கையாலேயே வரைந்து இணையுங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014இல் கூட்ட மேலாண்மைக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, எழுதும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தீயணைப்பு நிலையத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு நகலை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, வந்து திடலைப் பார்க்கச் சொல்லுங்கள். 101க்கோ 108க்கோ அழைத்த பிறகு ‘எந்தத் தெரு வழியா வரணும்’ என்று டிரைவர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

தொண்டர்கள் நூறு பேருக்கு ஒருவராவது வேண்டும். அதில் பாதி பெண்களாக இருக்கட்டும், கூட்டத்தில் பாதி பெண்கள்தானே. ஒரே நிற டி-ஷர்ட் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு நாள் சாயங்காலம் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் சி.பி.ஆர். முதலுதவியைக் கற்றுத்தர ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெரியவர்களைப் பற்றி. அவர்களோடு வாதாடாதீர்கள். ‘என்ன ஆபத்து வரும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது என்றுதான் சொல்வார்கள். ஒரு சாயங்காலம் கோயில் திண்ணையில் டீ வாங்கிக் கொடுத்து, ‘எந்த வருஷம் ரொம்பப் பயந்தீங்க தாத்தா?’ என்று கேட்டுப் பாருங்கள். வாணம் கூரையில் விழுந்தது, தேர் முட்டுக்கட்டைக்கு நிற்காமல் நாலடி உருண்டது, மழையில் கம்பத்தில் கை வைத்தவனைத் தூக்கி எறிந்தது என்று ஒவ்வொன்றாக வரும். நீங்கள் குறிப்பெடுத்துக்கொண்டே இருங்கள். அதைவிட நல்ல அபாய மதிப்பீட்டை எந்த நிபுணரும் உங்கள் ஊருக்கு எழுதித் தர முடியாது. மகாமகத்தையும் சொல்லலாம். 1992இல் கும்பகோணத்தில் ஏறக்குறைய ஐம்பது பேர் போனார்கள். 2004இலும் 2016இலும் அதே குளத்துக்கு அதைவிடப் பெருங்கூட்டம் வந்தது, அப்படி ஒன்று நடக்கவில்லை. குளம் மாறவில்லை, ஏற்பாடுதான் மாறியது.

அப்புறம், அந்தத் தெற்குச் சந்து. அகலத்தை எழுதியிருக்கிறீர்கள், முடிவில் இரும்புக் கேட் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது எந்தப் பக்கம் திறக்கும் என்று எழுதவில்லை. உள்பக்கமாகத் திறக்கும் கேட் என்றால், கூட்டம் வந்து சாய்ந்த பிறகு யாராலும் திறக்க முடியாது, கழற்றித்தான் வைக்க வேண்டும். சந்தில் பைக் நிறுத்துவார்களா என்றும் எழுதவில்லை. நான் வேலையில் இருந்தபோது ஒரு மண்டபத்தில் அவசர வழியின் சாவி எங்கே என்று கேட்டேன். சாவி வைத்திருந்தவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். உங்கள் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து எனக்கு எழுதுங்கள்.